எலும்புக்கூட்டின் ஆட்டம்: மரத்தில் வெட்டிய கறுப்பு வெள்ளைப் படங்கள்



நவம்பர் 2ஆம் திகதி பலெர்மோவில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். செத்துப்போன பாட்டன் பாட்டிமார் முதல்நாள் இரவு வந்து இனிப்பும் விளையாட்டுச் சாமானும் வைத்துவிட்டுப் போவார்கள் என்பது சிசிலிச் சனத்தின் பழைய நம்பிக்கை. சீனியில் வார்த்த பொம்மைகளும் பாதாம் மாவில் செய்த பழங்களும் அந்தக் கிழமை முழுக்கக் கடைகளில் அடுக்கியிருக்கும். பிரான்காச்சோவில் வளரும் எங்கள் பிள்ளைகள் இதைப் பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்து, "எங்கட அம்மம்மாவும் வருவாவா?" என்று கேட்பார்கள். எங்களுக்கும் நவம்பர் சும்மா ஒரு மாதம் அல்ல. எத்தனையோ வீடுகளில் படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிற மாதம். ஆகவே இந்த மாத உரைக்குச் சாவையும் ஆட்டத்தையும் பற்றிய படங்களை எடுத்துக்கொண்டேன். வானொலியில் படம் காட்ட முடியாது என்பதால், அன்று சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் வர்த்தகம் படித்தவன். பகலில் மற்றவர்களின் வரவு செலவைப் பார்ப்பதுதான் என் தொழில். ஓவியம் படித்தவன் அல்ல. ஆனால் கறுப்பு, வெள்ளை என்ற இரண்டே நிரலில் முழுக் கணக்கையும் முடிக்கிற படங்கள் என்பதால், இந்த மரச்செதுக்குப் படங்களில் எனக்கு ஒரு பற்று உண்டு.

கதையை எங்கள் ஊரிலேயே தொடங்கலாம். பலெர்மோவில் அபாதெல்லிஸ் மாளிகை என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் ஒரு சுவர் அளவுக்கு, 6 மீற்றர் உயரமும் அதைவிடக் கொஞ்சம் கூடிய அகலமுமாக ஒரு பழைய சுவரோவியம். 'சாவின் வெற்றி' என்று பெயர். 1440களில் வரையப்பட்டது; வரைந்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. எலும்பும் தோலுமான ஒரு குதிரை பாய்கிறது. அதன்மேல் சாவு எலும்புக்கூடாக இருந்து அம்பு எய்கிறது. குதிரையின் காலடியில் ஆயர்களும் துறவிகளும் சட்டம் படித்தவர்களும் செத்துக் கிடக்கிறார்கள். வலது பக்கத்தில் பட்டுடுத்த சீமாட்டிகளும் இளைஞர்களும் வாத்திய இசை கேட்டபடி நிற்கிறார்கள். அம்பு அவர்களையும் தொடங்கிவிட்டது, அவர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை. இடது பக்கத்தில் ஏழைகளும் நோயாளிகளும் ஒரு கூட்டமாக நின்று கை கூப்பிக் கேட்கிறார்கள், எங்களைக் கொண்டுபோ என்று. சாவு அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இந்தப் படம் முதலில் இருந்தது ஸ்கிளாபானி மாளிகையின் முற்றத்தில். அந்த மாளிகை அப்போது ஆஸ்பத்திரி. நோயாளிகள் பார்க்கிற இடத்தில் இப்படியொரு படம்! 1943இல் பலெர்மோவில் விழுந்த குண்டுகளில் அந்தக் கட்டடம் சேதமடைய, 1944இல் ஓவியத்தைச் சுவரிலிருந்து உரித்து நான்கு துண்டாக எடுத்தார்கள். 1954 முதல் அது அபாதெல்லிஸில் இருக்கிறது. நான்கு துண்டும் சேர்கிற இடத்தில் ஒரு சிலுவை போல வெடிப்புத் தெரியும். போரில் தப்பிய பொருளுக்கு இருக்கிற தழும்பு அது.

இதில் ஆட்டம் எங்கே என்று கேட்பீர்கள். பலெர்மோவில் சாவு குதிரையில் பாய்கிறது, ஆடவில்லை. அதே காலத்தில் வடக்கே, பிரான்சிலும் ஜேர்மனியிலும் சுவிஸிலும், அதே சாவு ஆட்டம் ஆடியது. செத்தவன் ஒருவன், உயிரோடு இருப்பவன் ஒருவன் என்று மாறி மாறிக் கைகோர்த்த நீண்ட வரிசை. முன்னால் பாப்பரசர், பிறகு சக்கரவர்த்தி, கர்தினால், அரசன், ஆயர், வியாபாரி, வைத்தியர், உழவன், கடைசியில் தொட்டில் குழந்தை. செத்தவர்கள் காலைத் தூக்கித் துள்ளுகிறார்கள். உயிரோடு இருப்பவர்கள் விறைத்துப்போய் இழுபடுகிறார்கள். இதற்குச் 'சாவின் ஆட்டம்' என்று பெயர். 1347 ஒக்ரோபரில் மெசினாத் துறைமுகத்தில் வந்திறங்கிய கப்பல்களோடு கொள்ளைநோய் சிசிலிக்கு வந்தது. அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவிச் சனத்தை வாரிக்கொண்டு போனது. அதன் பிறகு பல தலைமுறைக்கு அந்த நோய் திரும்பத் திரும்ப வந்தது. வரிசையாகச் சாவதைக் கண்ட சனம் வரிசையாக ஆடுகிற சாவைக் கற்பனை செய்ததில் ஆச்சரியம் இல்லை.

செத்தவீட்டில் பறைமேளம் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, சாவும் ஆட்டமும் சேர்ந்திருப்பது புதினமல்ல. சுடுகாட்டில் ஆடுகிறவரைத்தான் சைவர்கள் கும்பிடுகிறோம். காரைக்கால் அம்மையார் தன் அழகைக் கழற்றி எறிந்துவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கியவர். திருவாலங்காட்டில் இறைவனின் ஆட்டத்தின் கீழ் இருந்து பாடுகிறவர். வற்றிய மார்பும் துருத்திய எலும்புமாக, கையில் தாளத்தோடு அவர் இருக்கும் வெண்கலச் சிலை பொலன்னறுவையிலும் கிடைத்திருக்கிறது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். எங்கள் படத்தில் கடவுள் ஆடுகிறார், எலும்புருவம் தாளம் போடுகிறது, பயம் இல்லை. ஐரோப்பியர் படத்தில் எலும்புருவமே ஆடுகிறது, மற்றவர்களை விருப்பமில்லாமல் இழுக்கிறது. அங்கே கடவுள் படத்துக்குள் வரவேயில்லை.

சாவின் ஆட்டத்தில் பேர் பெற்றது பாரிஸில் இருந்தது. லாசப்பலில் சாமான் வாங்கப் போகிற எங்கள் சனத்துக்கு லே ஆல் என்ற இடமும் தெரிந்திருக்கும். அதற்குப் பக்கத்தில் 'மாசற்றோர்' என்று பெயர் கொண்ட பெரிய சவக்காலை இருந்தது. 1424-25இல் அதன் சுற்றுமண்டபச் சுவரில் இந்த ஆட்டத்தை வரைந்து, ஒவ்வொருவருக்கும் கீழே செய்யுளும் எழுதினார்கள். இரண்டரை நூற்றாண்டு சனம் அதைப் பார்த்தது. 1669இல் பக்கத்துத் தெருவை அகலமாக்குவதற்காக அந்தச் சுவரை இடித்தார்கள். தெருவுக்காக ஒரு சுவர் போவது எங்கும் நடக்கிறதுதான். பிறகு 1780இல் சவக்காலையே மூடப்பட்டு, எலும்புகள் நிலத்தடிச் சுரங்கங்களுக்குக் கொண்டுபோகப்பட்டன.

அந்தச் சுவரில் என்ன இருந்தது என்று இன்று எப்படித் தெரியும்? கியோ மார்ஷான் என்ற அச்சகக்காரர் 1485இல் அந்த ஆட்டத்தை 17 மரச்செதுக்குப் படங்களாகப் புத்தகம் போட்டார். செய்யுளையும் சேர்த்து அச்சடித்தார். உடுப்புகளைத் தன் காலத்து மோஸ்தருக்கு மாற்றிவிட்டார் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். சுவர் போய் மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் எங்கள் கையில் இருப்பது அவருடைய படம்தான். புத்தகம் நன்றாக விலைப்பட்டது. அடுத்த ஆண்டே வாத்தியக்காரச் செத்தவர்களையும், பெண்களுக்கென்று தனி ஆட்டத்தையும் சேர்த்துப் புதுப் பதிப்புகள் போட்டார்.

இந்தப் படம் செய்கிற விதத்தைச் சொல்லவேண்டும். அலுவலகத்து றபர் முத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தீட்டிய ஒரு பலகை, பெரும்பாலும் பேரி மரம். அதன் முகத்தில் படத்தை இடம் வலம் மாற்றி வரைகிறார்கள். வெள்ளையாக வரவேண்டிய இடத்தையெல்லாம் கத்தியாலும் உளியாலும் வெட்டித் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். கோடுகள் மட்டும் மேடாக நிற்கும். மேட்டில் மை பூசி, கடதாசியை வைத்து அழுத்தினால் படம். ஆக, செதுக்குகிறவன் கறுப்பை வரைவதில்லை. வெள்ளையை வெட்டி எடுக்கிறான். தவறி ஒரு கோட்டை வெட்டிவிட்டால் அழித்து எழுத இடமில்லை. கணக்குப் புத்தகத்தில் மையால் எழுதிப் பழகிய பழைய ஆட்களுக்கு இந்தக் கவனம் விளங்கும்.

இதில் இன்னொரு வசதி. பலகையின் கனத்தை ஈய எழுத்தின் உயரத்துக்குச் சரியாக எடுத்துவிட்டால், படத்தையும் எழுத்தையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே அழுத்தில் அச்சடிக்கலாம். செம்புத் தகட்டுப் படத்துக்கு அது முடியாது, அதற்கு வேறு அச்சு இயந்திரம் வேண்டும். ஆகவே மரப்படம் மலிவு. ஒரு பலகையில் ஆயிரக்கணக்கான பிரதி எடுக்கலாம். முதலீடு ஒருமுறை, வரவு பலமுறை. 1493இல் நூரம்பேர்க்கில் வெளிவந்த ஷேடலின் உலக வரலாற்றுப் புத்தகத்தில் 1,809 படங்கள் இருக்கின்றன. வெட்டிய பலகையோ 645தான்! ஒரே முகத்தைப் பல அரசர்களுக்கும், ஒரே நகரத்தைப் பல நகரங்களுக்கும் திருப்பித் திருப்பிப் பாவித்திருக்கிறார்கள். எங்கள் ஊர் அச்சகங்களிலும் ஒரே பிள்ளையார் புளொக் எத்தனை கலியாணக் காட்டுக்குப் போயிருக்கும்! அந்த நூரம்பேர்க் புத்தகத்திலும் சாவின் ஆட்டம் உண்டு. மிகாயேல் வோல்கெமூட்டின் பட்டறையில் செய்த படம். ஒரு எலும்புக்கூடு குழல் ஊத, மற்றவை கை கால் வீசி ஆடுகின்றன. ஒன்று குழியிலிருந்து அப்போதுதான் எழும்புகிறது.

ஆட்டத்தை அசையாத பலகையில் காட்டுவது லேசான வேலை அல்ல. வண்ணம் இல்லை, நிழலும் இல்லாத மாதிரித்தான். உருவத்தின் வெளிக்கோடு ஒன்றுதான் கையில் இருக்கிறது. முழங்கை எவ்வளவு மடிகிறது, எந்தக் குதிக்கால் நிலத்தை விட்டு எழும்புகிறது, இடுப்பு எந்தப் பக்கம் ஒடிகிறது என்பதைக் கோடே சொல்லவேண்டும். உடுப்பு இருந்தால் அது கோட்டை மறைக்கும். எலும்புக்கூட்டுக்கு உடுப்பும் இல்லை, தசையும் இல்லை, மூட்டு மட்டுமே. அதனால்தான் அந்தப் பழைய படங்களில் அரசனும் ஆயரும் கற்சிலை மாதிரி நிற்க, எலும்புக்கூடுகள் மட்டும் உயிரோடு ஆடுகின்றன. பரதநாட்டிய ரீச்சர்மார் பிள்ளைகளின் அரைமண்டியைத் திருத்தும்போது பார்ப்பதும் இந்த மூட்டுக் கோட்டைத்தானே.

1499இல் லியோனில் அச்சான ஒரு சாவின் ஆட்டப் புத்தகத்தில் சாவு அச்சகத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. எழுத்துக் கோக்கிறவரை ஒரு எலும்புக்கூடு பிடிக்கிறது, அச்சு இழுக்கிறவரை இன்னொன்று, பக்கத்துக் கடையில் புத்தக வியாபாரியை மற்றொன்று. இன்று தெரிந்த அளவில், அச்சு இயந்திரத்தைக் காட்டுகிற மிகப் பழைய படம் அதுதான். அச்சகக்காரர் தங்களைத் தாங்களே பகிடி பண்ணி வெட்டிய பலகை!

பாரிஸ் சுவருக்கு நடந்தது மற்றச் சுவர்களுக்கும் நடந்தது. சுவிஸில் பாசலில் இருக்கும் உறவினருக்கு 'ரோட்டன்டான்ஸ்' என்ற தெருப் பெயர் தெரிந்திருக்கும். அதன் பொருளே 'செத்தவர் ஆட்டம்'. அங்கே தொமினிக்கன் கோயில் சவக்காலை மதிலில் 1440 அளவில் வரைந்த ஆட்டம் ஏறத்தாழ 60 மீற்றர் நீளம். 1805இல் மதிலை இடித்துவிட்டார்கள். சில துண்டுகள் மட்டும் அருங்காட்சியகத்தில். ஜேர்மனியில் லூபெக் நகரத்து மரியன்னை தேவாலயத்தில் பேர்ன்ட் நோட்கே 1463இல் வரைந்த ஆட்டம் பழுதாகி, 1701இல் அதைப் பார்த்து வரைந்த பிரதியை வைத்தார்கள். 1942 குருத்தோலை ஞாயிறு இரவு விழுந்த குண்டில் அந்தப் பிரதியும் எரிந்துபோனது.

மலிவான கடதாசி மட்டும் என்ன, இரும்பா? மார்ஷானின் 1485ஆம் ஆண்டு முதற்பதிப்பில் இன்று உலகத்தில் ஒரேயொரு பிரதிதான் மிச்சம். அது பிரான்சில் கிரெனோபில் நகர நூலகத்தில் இருக்கிறது. 1981 ஜூன் முதல் நாள் யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்த செய்தியோடு வளர்ந்தவர்களுக்கு 'ஒரே பிரதி' என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும். ஆனால் மார்ஷான் நூற்றுக்கணக்கில் அச்சடித்ததால்தான் அந்த ஒன்றாவது தப்பியது. ஓலையில் ஒன்றாக இருந்தது ஒன்றாகவே எரிந்தது.

இந்த இடத்தில் எங்கள் கூத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைத் திரும்ப மேடையேற்றியபோது, பழைய கூத்துப் பாடல்களையும் தேடி அச்சுப் புத்தகமாக்கினார். 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' அப்படி வந்த ஒன்று. அந்தப் பதிப்புகளால் பாட்டு நின்றது. காலோ? வடமோடி வீரன் வரவில் எப்படிச் சுற்றுவான், தென்மோடியில் எங்கே நிறுத்துவான் என்பது அண்ணாவியாரின் உடம்பில் இருந்தது. அண்ணாவியார் போனால் அதுவும் போகும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கூத்தாடிய ஆட்கள் இங்கே பலெர்மோவிலும் இருக்கிறார்கள். முழங்கால் வலியோடு, வீட்டு வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போய் வருகிறார்கள். அவர்கள் காலை யாராவது கோட்டில் பிடித்து வைத்திருந்தால் என்ன என்று எனக்கு அடிக்கடி தோன்றும். வீடியோ இருக்கிறதே என்பார்கள். பழைய வீடியோ நாடாவை இன்று எந்தப் பெட்டியில் போட்டுப் பார்க்கிறீர்கள்?

சரி, மரத்துக்கு வருகிறேன். சாவின் ஆட்டத்தை எல்லோருக்கும் தெரிய வைத்தவர் ஹான்ஸ் ஹோல்பைன். பாசலில் இருந்த காலத்தில், 1520களில், அவர் வரைந்ததைப் பலகையில் வெட்டியவர் ஹான்ஸ் லூட்செல்பேர்கர். பலகை ஒவ்வொன்றும் ஆறரை சென்ரிமீற்றர் உயரம், ஐந்து சென்ரிமீற்றர் அகலம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் ஒரு வீடு, மேசை, சன்னல், நாலு ஆட்கள், ஒரு சாவு. இவ்வளவு நுணுக்கமாக மரத்தில் வெட்டியவர்கள் அதற்கு முன் இல்லை என்றே சொல்லலாம். வேலை முடியமுன் 1526இல் லூட்செல்பேர்கர் இறந்துவிட்டார். லியோன் அச்சகக்காரர் மெல்கியோர் ட்ரெக்சலுக்கு அவர் கடன்பட்டிருந்தபடியால் பலகைகள் கடனுக்காகக் கைமாறின. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1538இல்தான் லியோனில் 41 படங்களோடு புத்தகம் வந்தது. கடனில் போன சொத்து இப்படிப் பலன் கொடுத்ததை என் தொழிலில் நான் கண்டதில்லை.

ஹோல்பைன் வரிசையைக் கலைத்துவிட்டார். அவரிடம் ஆட்டக் கூட்டம் இல்லை. சாவு ஒவ்வொருவரின் வேலைத்தலத்துக்கும் தனித்தனியாக வருகிறது. முதியவரின் கையைப் பிடித்து, வாத்தியம் வாசித்தபடி மெதுவாகக் குழிக்குள் இறக்குகிறது. உழவனின் குதிரைகளை விரட்டி உழவுக்கு உதவி செய்கிற மாதிரி ஓடுகிறது. பணக்காரனின் படம் என் தொழிலுக்குரியது: சாவு அவனைத் தொடவில்லை, மேசையில் எண்ணி வைத்த காசை அள்ளுகிறது, அவன் கையை விரித்து அலறுகிறான். இடிந்த குடிசையில் அடுப்படியில் இருக்கும் தாயிடமிருந்து சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறது. சுமை வியாபாரி முதுகில் பெரிய கூடையோடு அவசரமாக நடக்கிறான். சாவு சட்டைக் கையைப் பிடித்து இழுக்க, அவன் மற்றப் பக்கம் கை காட்டுகிறான், நான் அங்கே போகவேண்டும் என்று. பின்னால் இன்னொரு எலும்புக்கூடு நரம்பு வாத்தியம் வாசிக்கிறது. 1980களிலும் 90களிலும் ஒரு பையோடு எல்லை எல்லையாக நடந்தவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை பார்க்கவேண்டும்.

இந்தப் பழைய ஆட்டங்கள் சொல்கிற நியாயம் எல்லோருக்கும் பொது: பெரியவன் சின்னவன் பார்க்காமல் சாவு எல்லோரையும் கூட்டிப்போகும். கேட்க ஆறுதலாக இருக்கிறது. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. வரிசையில் ஒவ்வொரு தரத்துக்கும் ஒவ்வொருவர் நிற்கிறார். ஆனால் தொகை எங்கே? ஒரு பாப்பரசருக்கு எத்தனை உழவன் போனான் என்று படம் சொல்லாது. பலெர்மோ ஓவியர் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். கேட்கிறவனைச் சாவு விட்டுவிட்டுப் போவதைக் காட்டினாரே, அது ஆஸ்பத்திரி முற்றத்தில் நின்று பார்த்தவனின் கண்.

சாவு சில பேரை மட்டும் பொறுக்கிக் கூட்டிப்போவதை மரத்தில் வெட்டியவர் கேத்தே கொல்விற்ஸ் என்ற ஜேர்மன் பெண். 1914இல் முதலாம் உலகப் போர் தொடங்கியதும் அவருடைய இளைய மகன் பீற்றர் தொண்டனாகப் போகத் துடித்தான். வயது 18. பெற்றோரின் அனுமதி வேண்டும். தகப்பன் மறுத்தார். தாய்தான் மகனுக்காகத் தகப்பனிடம் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தார். அந்த ஒக்ரோபர் மாதமே பீற்றர் பெல்ஜியத்தில் செத்துப்போனான். தாய் ஆண்டுக்கணக்காக இதைப் படமாக்க முயன்றார், சரிவரவில்லை. 1920இல் ஏர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குப் படங்களைக் கண்காட்சியில் பார்த்த பிறகுதான், தனக்கும் மரம்தான் வேண்டும் என்று முடிவெடுத்தார். 1923இல் 'போர்' என்ற பெயரில் ஏழு படங்கள் வந்தன.

அதில் இரண்டாவது படம் 'தொண்டர்கள்'. நானூறு ஆண்டுக்கு முந்திய அதே ஆட்டம்தான். சாவு மேளம் அடித்துக்கொண்டு முன்னால் போகிறது. பின்னால் இளம் பையன்கள், வாய் பிளந்து, கண் செருகி, உருவேறினவர்கள் மாதிரி. சாவுக்கு மிகக் கிட்ட நிற்பவன் பீற்றர். பாப்பரசர் இல்லை, அரசன் இல்லை, வியாபாரி இல்லை, கிழவன் இல்லை. வரிசையில் நிற்பது முழுக்கப் பிள்ளைகள். பழைய படத்தில் எல்லோரும் பின்னுக்கு இழுத்தார்கள். இங்கே பிள்ளைகள் மேளத்தோடு தாங்களே போகிறார்கள். பழைய செதுக்குக்காரன் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு விட்டான். இவருடைய பலகையில் கறுப்பே நிறைய. உளி பட்ட இடத்தில் மட்டும் வெளிச்சம், ஒரு கன்னம், ஒரு கை, தலைக்கு மேலே வளைந்த சில கீற்று.

இந்தப் படத்தின் பெரிய பிரதி ஒன்றை ஒருமுறை எங்கள் ஆட்கள் கூடிய இடத்தில் காட்டினேன். சிலர் உடனே முகத்தைத் திருப்பினார்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் யாருடைய படம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆகவே நான் ஒன்றும் சொல்லவில்லை. சிலர், அவன் அடுத்த நாட்டைப் பிடிக்கப் போனவன், எங்கட பிள்ளையள் அப்படியா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கொல்விற்ஸும் தன் பிள்ளை போன காரியம் சரியா பிழையா என்று பல ஆண்டு தனக்குள்ளே வழக்காடியவர்தான். பிள்ளை நம்பியதைப் பொய் என்று சொன்னால் பிள்ளையைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகாதா என்று அவருக்கும் மனம் அடித்திருக்கிறது. படத்தில் அவர் பிள்ளைகளைப் பகிடி பண்ணவில்லை. அவர்கள் முகத்தில் இருக்கிற நம்பிக்கையை அப்படியே வெட்டியிருக்கிறார். அதுதான் பார்க்க முடியாமல் இருக்கிறது. கூட்டத்தில் ஒரு வயதான அம்மா மட்டும் கிட்ட வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தா. பிறகு, "உதில முன்னுக்கு நிக்கிற பொடியனுக்கு என்ன வயசு?" என்று கேட்டா. 18 என்றேன்.

மரம் என்பதால் இந்தப் படங்களும் ஊர் ஊராகப் போயின. 1931இல் சீனாவில் ரூ ஷி என்ற இளம் எழுத்தாளரைச் சுட்டுக் கொன்றபோது, அவருடைய சிநேகிதர் லூ சுன் அஞ்சலிக் கட்டுரை எழுத முடியாத நிலைமை. கொல்விற்ஸின் ஏழு படங்களில் முதலாவதான 'பலி'யை, தாய் ஒருத்தி கைக்குழந்தையை ஏந்தி நீட்டுகிற படத்தை, ஒரு சஞ்சிகையில் போட்டார். அதுவே அஞ்சலி. எங்கள் ஊரில் 31ஆம் நாளுக்கு அடிக்கிற புத்தகத்துக்குக் 'கல்வெட்டு' என்றுதானே பெயர். கடதாசியில் அடித்தாலும் வெட்டு என்றே சொல்கிறோம்.

நாசிகள் வந்ததும் 1933இல் கொல்விற்ஸைக் கலைக்கழகத்திலிருந்து விலக வைத்தார்கள். 1942இல் அடுத்த போரில் அவருடைய பேரன் ரஷ்யாவில் இறந்தான். அவனுக்கும் பீற்றர் என்றே பெயர். 1943இல் பேர்லின் வீட்டில் குண்டு விழுந்தது. 1945 ஏப்ரலில், போர் முடிய இரண்டு கிழமைக்கு முன், அவர் கண்மூடினார். வீட்டோடு எவ்வளவோ போனது. அச்சடித்துப் பல இடத்துக்குப் போன படங்கள் நின்றன. கொலோன் நகரத்திலும் பேர்லினிலும் அவருக்கென்றே அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. மகனுக்காக அவர் செதுக்கிய தாய் தகப்பன் கற்சிலைகள் பெல்ஜியத்தில் விளாட்ஸ்லோ என்ற இடத்துச் சவக்காலையில், மகனின் கல்லறை இருக்கும் இடத்திலேயே முழங்காலில் இருக்கின்றன. ஜேர்மனிக்கோ பெல்ஜியத்துக்கோ கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு நாள் கூட நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்த ஏழில் ஆறாவது படத்தையும் சொல்லிவிடுகிறேன். பெயர் 'தாய்மார்'. மேளம் இல்லை, எலும்புக்கூடு இல்லை. தாய்மார் நெருக்கமாக ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கும்மிக்கு வட்டமாக நின்ற பெண்கள் கை தட்டாமல் வட்டத்தை இறுக்கிவிட்ட மாதிரி இருக்கும். பலகையில் பெரும்பகுதியை அவர் வெட்டவே இல்லை, அத்தனையும் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள்ளே, சேலை மடிப்புப் போன்ற இடைவெளியில், இரண்டொரு சின்ன முகம் மட்டும் வெளியே பார்க்கிறது.